மருத்துவமனை மென்பொருள் பக்கம் போக டாக்டர் கோடிங் படிக்க வேண்டுமா?

கேள்வி: எம்பிபிஎஸ் முடித்து நான்கு ஆண்டுகளாகத் தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக இருக்கிறேன். மருத்துவத் தகவல் தொழில்நுட்பத் துறைக்கு மாற ஆசை. வேலையை விட்டுவிட்டுப் பைதான் என்ற நிரல்மொழி கோர்ஸில் சேரலாமா?

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். பைதான் எழுத ஆள் தாராளமாகக் கிடைக்கிறார்கள். வார்டில் நடப்பதை அவர்களுக்குப் புரியும்படி எழுதித் தருபவர்தான் கிடைப்பதில்லை.

நாம் மருந்துச் சீட்டில் ‘1-0-1’ (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) என்று எழுதுகிறோம். வெளிநாட்டுப் பழக்கத்துக்கு வார்த்த மென்பொருள் பலவும் ‘நாளைக்கு இரண்டு வேளை’ என்றுதான் வாங்கிக்கொள்ளும். காலையில் 20 யூனிட், இரவில் 10 யூனிட் இன்சுலின் என்றால் போட இடமில்லை. டாக்டர் குறிப்புப் பெட்டியில் தட்டிவிடுவார். அங்கே போன அளவை மென்பொருள் சரிபார்க்காது. 10 என்பது 100 ஆனாலும் எச்சரிக்கை வராது. காலை, இரவு, சாப்பாட்டுக்கு முன், பின் என்று பிரித்துப் பதிய, மருத்துவ மென்பொருள்கள் தரவைப் பரிமாறிக்கொள்வதற்கான ஃபயர் (FHIR) தரத்தில் வழி இருக்கிறது. அது இங்கே தேவை என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

பதிவு மேசையும் அப்படித்தான். ‘செ. முருகன்’, ‘முருகன் செ’, ‘முருகன் செல்வம்’ மூவரும் ஒரே ஆள். பிறந்த தேதி தெரியாதவருக்கு ஜனவரி 1. வீட்டில் நாலு பேருக்கும் ஒரே செல்பேசி எண். விளைவு, ஒருவருக்கே மூன்று கோப்பு. அதைவிட ஆபத்து, இருவருக்கு ஒரே கோப்பு. அரசு தரும் 14 இலக்க ஆபா (ABHA) சுகாதாரக் கணக்கு எண் இருந்தால் பாதித் தலைவலி குறையும்; இல்லாதவரை எப்படிப் பதிவது என்பதற்கும் நீங்கள்தான் விதி எழுத வேண்டும்.

முதலில் எஸ்க்யூஎல் (SQL) படியுங்கள்; தரவுத்தளத்திலிருந்து விவரம் கேட்டு எடுக்கும் மொழி அது. தினம் ஒரு மணி நேரம், இரண்டு மாதம் போதும். புதியவர்கள் வழுக்கும் இடம் ஒன்று: நோயாளி அட்டவணையைச் சோதனை அட்டவணையோடு இணைத்து எண்ணினால், சோதனைக்கு மூன்று முறை ரத்தம் கொடுத்தவர் மூன்று பேராகிவிடுவார்.

அடுத்து, குறியீடுகள். இரண்டாம் வகை நீரிழிவு, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-10இல் இ11 (E11); மருத்துவச் சொற்களின் குறியீட்டுத் தொகுப்பான ஸ்னோமெட் சிடியில் 44054006. வெறும் வயிற்று குளுக்கோஸ், மில்லிகிராம் கணக்கில், ஆய்வகச் சோதனைகளுக்கான குறியீட்டுத் தொகுப்பான லாயின்க்கில் (LOINC) 1558-6. சாப்பிட்ட பிறகு எடுத்ததற்கு வேறு எண். இரண்டையும் ‘சுகர்’ என்ற ஒரே கட்டத்தில் கொட்டினால் வரைபடம் ஏறி இறங்கும், நோயாளிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மில்லிமோலில் வரும் முடிவை 18ஆல் பெருக்காமல் சேர்த்தாலும் இதே கதி. ஸ்னோமெட்டை நடத்தும் அமைப்பில் இந்தியா உறுப்பு நாடு என்பதால் அதற்கு நீங்கள் உரிமக் கட்டணம் தர வேண்டியதில்லை.

பயிற்சிக்கு பாம்னியை நிறுவிப் பாருங்கள். சத்தீஸ்கரில் கனியாரி கிராம மருத்துவமனைக்காக உருவான திறந்த மூல மருத்துவமனை மென்பொருள் அது, காசு கேட்காது. கற்பனை நோயாளிகளையே பதியுங்கள். மருத்துவமனைத் தரவை பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுவந்தால், 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கட்டும், வேலையே போய்விடும்.

நேர்காணலுக்குச் சான்றிதழைவிட மூன்று பக்க அறிக்கை உதவும். நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று சொன்னதிலிருந்து தாள் கைக்கு வரும்வரை எவ்வளவு நேரம், ஒரே மருந்தை எத்தனை பேர் திரும்பத் தட்டுகிறார்கள் என்று இரண்டு வாரம் குறியுங்கள். ஒரு படியை நீக்கிவிட்டு மறுபடி இரண்டு வாரம் அளவெடுங்கள். நோயாளி பெயர் எங்கும் வரக் கூடாது.

விளம்பரங்களில் கவனம். ‘மெடிக்கல் கோடிங்’ என்பது பெரும்பாலும் அமெரிக்கக் காப்பீட்டு பில்லுக்குக் குறியீடு போடும் வேலை. நீங்கள் கேட்கும் துறை அதுவல்ல. அமெரிக்காவின் கிளினிக்கல் இன்ஃபர்மேடிக்ஸ் (மருத்துவத் தகவலியல்) போர்டு சான்றுக்கு, அங்கே வேறொரு மருத்துவத் துறையில் போர்டு தகுதி, அதாவது சிறப்பு மருத்துவர் சான்று, முன்பே இருக்க வேண்டும். அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். இலங்கையில் டாக்டர்களுக்கு மருத்துவத் தகவலியல் தனிச் சிறப்புத் துறை, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்பே உண்டு. நாமும் அந்த வழியில் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாரம் இரண்டு நாள் ஓபி பார்க்க அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். நோயாளியைப் பார்ப்பதை நிறுத்தினால் இரண்டே வருடத்தில் உங்கள் கருத்தும் பழசாகிவிடும். இன்னொன்றையும் கேளுங்கள்: மருந்து அளவில் பிழை தெரிந்தால் மென்பொருள் வெளியீட்டை நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு உண்டா? கையெழுத்து மட்டும் உங்களுடையது, முடிவு வேறொருவருடையது என்றால் அந்த வேலையை ஏற்காதீர்கள்.