நாட்டுப்புற இசைக்கும் ஜாஸுக்கும் ஏற்ப வயலினை மாற்றினால் அது கெட்டுவிடுமா?

நீங்கள் செவ்வியல் முறையில் பயின்று, இப்போது ஃபிடில் (நாட்டுப்புற இசையில் வாசிக்கும் வயலின்) மெட்டுகளிலும் ஜாஸிலும் நாட்டம் கொண்டவர் என்று எடுத்துக்கொள்கிறேன். டொராண்டோவில் வயலின் பழுதுபார்ப்பதே என் தொழில் என்பதால், இந்தக் கேள்வியைக் கண்டும் காணாமல் போக முடியவில்லை. முறையறிந்து மாற்றினால் வயலின் கெடாது.

முதலில் மாற்ற வேண்டியது குதிரையை, அதாவது தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டை. செவ்வியல் குதிரையின் மேல்விளிம்பு ஏறத்தாழ 42 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைந்திருப்பதால், நடுத்தந்தியை அழுத்தி இழுத்தாலும் வில் பக்கத்துத் தந்தியில் படுவதில்லை. ஃபிடில்காரர்களுக்கோ இரண்டு தந்திகள் சேர்ந்தே ஒலிக்க வேண்டும். அதனால் குதிரையைத் தட்டையாக்குகிறோம். அதை மட்டும் சீவிவிட்டு விரற்பலகையின் வளைவை அப்படியே விட்டால், நடுத்தந்திகள் பலகையில் உரசிக் கரகரக்கும். ஆகவே பலகையையும் அதற்கேற்ப இழைக்க வேண்டும். நார்வேயின் ஹார்டாங்கர் ஃபிடிலில் இரண்டுமே தட்டையாகத்தான் இருக்கின்றன.

கியூபெக் மரபில், உட்கார்ந்தபடி கால்களால் தாளம் தட்டிக்கொண்டே வாசிக்கும் முதியவர் ஒருவருக்கு இப்படி ஒரு வயலினைச் சீரமைத்துக் கொடுத்தேன். அதை அவருடைய பேத்தி ஓர் இசைப்பள்ளிக்கு எடுத்துச் செல்ல, அங்கிருந்த ஆசிரியர் "யாரோ இதைப் பாழாக்கிவிட்டார்கள்" என்று சொல்லி, எவரையும் கேட்காமல் வளைந்த குதிரை ஒன்றைப் பொருத்தி, பழையதைக் குப்பையில் போட்டுவிட்டார். இழைத்த பலகைக்கு மேல் நடுத்தந்திகள் உயர்ந்து நின்றதால், அவற்றை அழுத்துவதற்கே முதியவரின் விரல்கள் திணறின. கூலி வாங்காமல் வேறு குதிரை செதுக்கிக் கொடுத்தேன். ஆனால் அந்த ஆசிரியரின் மீதுள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

செவ்வியல் கலைஞர்களை நான் குறை கூறுவதாக யாரும் எண்ண வேண்டாம். ஆனால் "மூல வடிவம்" என்று பேசுவோர், இன்று வாசிக்கப்படும், பழைய இத்தாலியக் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரியின் வயலின்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிற்காலத்தில் கழுத்தே மாற்றப்பட்டது என்பதையும், மோவாய்த் தாங்கி 1820 வாக்கில் ஜெர்மானிய வயலின் கலைஞர் லூயி ஷ்போர் கொண்டுவந்தது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

ஜாஸில் சிக்கல் வேறு: டிரம்ஸுக்கும் டிரம்பெட்டுக்கும் நடுவே வயலின் காதில் விழ வேண்டும். அமெரிக்க ஜாஸ் வயலின் கலைஞர் ஸ்டஃப் ஸ்மித் 1930களிலேயே ஒலிபெருக்கியை நாடியதற்கு இதுவே காரணம். அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்அப்பைக் குதிரையில் பொருத்துவது எளிது. ஆனால் ஒலியைக் கூட்டினால் மேற்பலகையும் சேர்ந்து அதிர்ந்து ஊளையிடத் தொடங்கும். அந்த அளவு சத்தத்தில் வாசிப்பவர்களுக்குக் கூடில்லாத மின் வயலினே பொருந்தும். இந்திய வயலின் கலைஞர் எல். சங்கருக்காக 1980இல் கென் பார்க்கர் செய்துகொடுத்த பத்துத் தந்தி இரட்டை வயலின் இந்த வழியில் வெகுதூரம் சென்ற ஒன்று.

வழக்கமான நான்கு தந்திகளோடு தாழ்ந்த சி தந்தியை ஐந்தாவதாகச் சேர்ப்பதானால் மட்டும் திருத்தம் போதாது, வடிவமைப்பையே மாற்ற வேண்டும். கீழ் சி ஸ்வரத்தின் அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 131. வயலின் கூட்டுக்குள் இருக்கும் காற்றோ 270ஐ ஒட்டித்தான் நன்றாக ஒத்ததிரும். ஆகவே சாதாரணக் கூட்டில் அந்தத் தந்தி வெறும் உறுமலாகவே கேட்கும். நல்ல கைவினைஞர்கள் கூட்டை அகலமாக்கி, பக்கச்சுவரையும் உயர்த்துகிறார்கள். கடைக்குப் போனால் அந்தத் தந்தியை முதலில் மெதுவாகவும், பிறகு அழுத்தியும் இழுத்துப் பாருங்கள். இரண்டிலும் ஸ்வரம் தெளிவாக வந்தால் மட்டும் விலையைக் கேளுங்கள். உங்கள் பழைய வயலினுக்குக் குதிரை மாற்றுவதானால், கழற்றியதைத் திருப்பிக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.