கேள்வி பதில்: மணலுக்கு பதிலா கண்ணாடி அடிக்கலாமா?

கேள்வி: சார், திருவெறும்பூர் பக்கம் சின்னதா ஃபேப்ரிகேஷன் ஷாப் வச்சிருக்கேன், பெயிண்ட்டுக்கு முன்னாடி துரு எடுக்க இத்தனை நாளும் காத்து அழுத்தத்துல மணல்தான் அடிச்சோம். இப்ப ஒருத்தர் பழைய பாட்டில் உடைச்ச கண்ணாடி கிரிட், அதாவது கண்ணாடித் துகள், வாங்கிக்கோங்க, நுரையீரலுக்கு ஆபத்து இல்லன்னு சொல்றாரு. கண்ணாடியும் சிலிக்காதானே, அப்புறம் எப்படி ஆபத்து இல்லாம போகும்?

பதில்: சரியான இடத்துல கேள்வி கேட்டீங்க தம்பி. கண்ணாடியிலயும் 70 சதவீதத்துக்கு மேல சிலிக்காதான், ஆனா மணல்ல இருக்கறது குவார்ட்ஸ், அது படிக வடிவம். நாசில்ல இருந்து வேகமா போய் இரும்புல மோதி உடைஞ்சதும் கண்ணுக்கே தெரியாத தூளாகி நுரையீரலோட அடி வரைக்கும் போயிடும், போன இடத்துல தழும்பு விழும், அதுதான் சிலிகோசிஸ், அதை குணப்படுத்த மருந்தே கிடையாது. கண்ணாடியை உருக்கி ஆறவைக்கும்போது அந்த படிக அமைப்பு போயிடுது, அதனால நல்ல கிரிட்ல படிக சிலிக்கா 1 சதவீதத்துக்கும் கீழதான் இருக்கும். இங்கிலாந்துல வார்ப்பு சாமான்களுக்கு மணல் அடிக்கக் கூடாதுன்னு 1949லயே விதி போட்டுட்டாங்க, துருக்கியில ஜீன்ஸ் துணிக்கு மணல் அடிச்ச சின்னப் பசங்க பலர் இந்த நோயில செத்ததுக்கு அப்புறம் 2009ல அங்கயும் தடை வந்துச்சு. நம்ம ஊர்ல இன்னும் மூஞ்சில ஒரு துண்டைக் கட்டிக்கிட்டு மணல் அடிக்கிறாங்கன்னு கேக்கும்போது எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது, மணலை இன்னைக்கே நிறுத்துங்க.

ஆனா "ஆபத்து இல்ல"ன்னு அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்காதீங்க. தூசி தூசிதான், அதோட நீங்க உரிக்கிற பழைய பெயிண்ட்ல ஈயம் இருந்தா அதுவும் சேர்ந்துதான் பறக்கும், கான்கிரீட்ல அடிச்சா கான்கிரீட்டுக்குள்ள இருக்கற குவார்ட்ஸே வெளிய வரும். அதனால அடிக்கிறவருக்கு வெளியில இருந்து காத்து வர்ற ஹெல்மெட் கண்டிப்பா வேணும், அந்தக் காத்து ஆயில் கம்ப்ரசர்ல இருந்து வந்தா ஃபில்டரும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் சேர்த்து வேணும். பக்கத்துல நின்னு மெஷின் டேங்க்ல கிரிட் கொட்டுற பையன், அப்புறம் கூட்டி அள்ளுற அம்மா, இவங்களை யாரும் கணக்குலயே எடுக்கறதில்ல, அவங்களும் அதே தூசியைத்தான் சுவாசிக்கிறாங்க. உலர்ந்த விளக்குமாத்துல கூட்டாம தண்ணி தெளிச்சு அள்ளச் சொல்லுங்க, கண்ணாடித் துகள் தோல்ல ஏறி அரிக்கும், அதனால கையுறையும் முழுக்கை சட்டையும் குடுத்துடுங்க.

வேலை எப்படி இருக்கும்னா, துருவுக்கும் பழைய பெயிண்ட்டுக்கும் அருமையா இருக்கும், துகள் கூர்மையா இருக்கறதால வெட்டி எடுக்கும், சரியான சைஸ் போட்டு நாசில்ல 100 பிஎஸ்ஐ பக்கம் வச்சா Sa 2½, அதாவது பெயிண்ட்டுக்கு முன்னாடி கேக்கற நல்ல சுத்தத் தரம், தாராளமா வரும். ஆனா மணலுக்கு பதிலா அடிக்கிற மத்த துகள்களான காப்பர் ஸ்லாக் (செம்பு உருக்கின கசடு), கார்னெட் (ஒரு கனிமம்) இதையெல்லாம் விட எடை கம்மி, அதனால தடிமனான மில் ஸ்கேல் (உருட்டும்போது இரும்பு மேல ஒட்டுற ஆக்சைடு படலம்) ஏறின புது பிளேட்டுக்கு நேரம் ஜாஸ்தி எடுக்கும். ஒரு தடவை அடிச்சா பெரும்பாலும் உடைஞ்சு தூளாயிடும், கார்னெட் மாதிரி திரும்பத் திரும்ப அள்ளிப் போட முடியாது, விலை பேசும்போது இதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்க.

செலவு மிச்சம்னு பாட்டில் வாங்கி ஷாப்லயே உடைக்கிறது மட்டும் வேணாம். மூடித் தகரம், லேபிள் பசை, பீங்கான் துண்டு எல்லாம் கலந்து வரும், ஒழுங்கா கழுவலைன்னா உப்பு இரும்புல தங்கி பெயிண்ட்டுக்கு அடியில கொப்புளம் விடும். கழுவி காயவச்சு சலிச்சதா பார்த்து வாங்குங்க, படிக சிலிக்கா எவ்வளவு, உப்பு எவ்வளவுன்னு டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க, குடுக்கத் தயங்கினா வேற ஆளைப் பாருங்க. ஈய பெயிண்ட் உரிச்ச கழிவு அபாயக் கழிவு, அதைக் கொண்டுபோய் வாய்க்கால்ல கொட்டிடாதீங்க.

கேள்வி: கிளாஸ் பீட்னு விக்கிறதும் இதுவும் ஒண்ணா? எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடிக்கு எது அடிக்கலாம்?

பதில்: வேற வேற. பீட் உருண்டையா இருக்கும், வெட்டாது, தட்டித்தட்டி மேட் ஃபினிஷ் குடுக்கும், உங்க கைப்பிடிக்கு அதுதான் சரி. கிரிட் அடிச்சா சொரசொரன்னு ஆயிடும், மேல பெயிண்ட் அடிக்கப் போறீங்கன்னா மட்டும் அது நல்லது. ரெண்டுலயும் தனி இரும்புத் துகள் இருக்காதுங்கறதால எஸ்எஸ் மேல துருப்புள்ளி வராது, ஆனா ஏற்கனவே மைல்ட் ஸ்டீல் (சாதா இரும்பு) மேல அடிச்ச துகளை அள்ளி எஸ்எஸ்க்கு போட்டீங்கன்னா கட்டாயம் வரும், அதனால அதுக்குன்னு தனி மூட்டை வச்சுக்கோங்க.