வியாழக்கிழமை ஏழு மணி

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது முப்பத்து நான்கு. தாலுகா தலைமையிடமான ஒரு சிற்றூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் எங்கள் ஊர் சேவைச் சங்கம் ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்ற ஆசையில் நானும் சேர்ந்தேன்.

ஒவ்வொரு வியாழனும் இரவு ஏழு மணிக்குக் கூட்டம். தொடங்க ஏழே முக்கால் ஆகிவிடும். இறைவணக்கம், வரவேற்புரை, பிறந்தநாள், திருமணநாள் வாழ்த்துகள், சிறப்பு விருந்தினருக்குச் சால்வை, நினைவுப் பரிசு, நன்றியுரை, தேசிய கீதம், அப்புறம் பரோட்டா. ஒன்றரை மணி நேரத்தில் சேவை என்ற சொல் இருபது தடவையாவது வரும். சேவை வராது. போன மாதம் அரசுப் பள்ளியில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். மேடையில் நாங்கள் பதினான்கு பேர். போட்டோவில் பிள்ளைகளைத் தேட வேண்டியிருக்கிறது. அதே பள்ளியில் மூன்று வருடத்துக்கு முன் எங்கள் சங்கம் வாங்கிக் கொடுத்த ஆர்.ஓ. மெஷின் ஓடாமல் கிடக்கிறது. கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருக்கிறது. கூட்டத்தில் சொன்னேன். “அது நம்ம பீரியட் இல்ல தம்பி” என்றார் தலைவர்.

இதில் தொடரலாமா, இல்லை தனியாக என்னால் ஆனதைச் செய்துகொள்ளலாமா? வீட்டில், “அந்த நேரத்துக்குக் கடையிலாவது இருங்க” என்கிறாள்.

பி.கு.: அடுத்த மாதம் ஒரு வியாழன் எங்கள் சங்கத்தில் வந்து பேச முடியுமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார் செயலாளர். இதற்கு நடுவில் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்டபடி பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். சங்கம் ரோட்டரியா, அரிமாவா, வேறா என்பதையும் சேர்த்தே எடுத்தேன். பயப்படாதீர்கள். பன்னிரண்டு பிள்ளைகளும் பதினான்கு பெரியவர்களும் நிற்கும் போட்டோ எல்லா ஊரிலும் இருக்கிறது. உங்கள் சங்கத்தார் இதைப் படித்தாலும் பக்கத்து ஊரைத்தான் சொல்கிறேன் என்று நினைப்பார்கள்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் கூட்டங்களில் பேசி வாங்கிய சால்வைகள் என் வீட்டு பீரோவில் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. ஒரு ஊரில் எனக்குக் கொடுத்த நேரம் இருபது நிமிடம். என்னை அறிமுகப்படுத்தியவர் பதினெட்டு நிமிடம் எடுத்துக்கொண்டார். அதில் அவர் மிகவும் சிலாகித்த புத்தகத்தை எழுதியது நான் இல்லை. ஆகவே உங்கள் எரிச்சல் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கூட்டம் தண்டம் என்று நீங்கள் போய்ச் சேர்கிற இடத்துக்கு என்னால் கூட வர முடியவில்லை.

இந்த வகைச் சங்கங்களில் மூத்தது ரோட்டரி. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில், யூனிட்டி கட்டடத்தின் 711ஆம் எண் அறையில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். கூட்டியவர் பால் ஹாரிஸ் என்ற வக்கீல். மற்ற மூவரில் ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையல்காரர். வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர் ஹாரிஸ். அத்தனை பெரிய நகரத்தில் அவருக்கு மனம்விட்டுப் பேச ஆளில்லை. தெரிந்த முகம் நாலு வேண்டும், ஒருவர் தொழிலுக்கு இன்னொருவர் ஒத்தாசையாக இருக்க வேண்டும். ஆரம்பத்தில் நோக்கம் அவ்வளவுதான். ஒரு தடவை இவர் ஆபீஸ், அடுத்த தடவை அவர் கடை என்று சுற்றிச் சுற்றிக் கூடியதால் ரோட்டரி என்று பெயர் வந்தது. ஊர்ப்பணி பிறகுதான். 1907-ல் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து, நகரத்தில் பொதுக் கழிப்பறை கட்டவைக்க இறங்கினார்கள். முதல் பணி கழிப்பறை என்பதை எந்தப் பதவியேற்பு விழா மேடையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அதாவது, முதலில் தவறாமல் கூடினார்கள். பிறகுதான் வேலை வந்து சேர்ந்தது. வருகையில் ரொம்பக் கறாராக இருந்த காலமும் உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் தொடர்ந்து நாலு கூட்டத்துக்கு வராவிட்டால் உறுப்பினர் இடம் போகும். வெளியூர் போனவர் அந்த ஊர்ச் சங்கத்தில் போய் உட்கார்ந்து கணக்கை நேர்செய்துகொள்ளலாம். அதற்கு மேக்கப் என்று பெயர். 2016-ல் இதையெல்லாம் தளர்த்தி, மாதம் இரண்டு முறை கூடினாலே போதும் என்று இடம் கொடுத்துவிட்டார்கள். காலத்துக்கு ஏற்றதுதான். எனக்கென்னவோ பழைய கறாரில் ஒரு விஷயம் இருந்தது என்றே தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் தென்மாவட்டத்து ஊர் ஒன்றில் கண் சிகிச்சை முகாமில் ஒரு பகல் முழுக்க இருந்தேன். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். அவர்கள் வளர்த்தெடுத்த முகாம் முறையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். டாக்டர்கள், கருவிகள், பஸ், அறுவைச் சிகிச்சை, சாப்பாடு, திரும்பக் கொண்டுவந்து விடுவது எல்லாம் மருத்துவமனை பொறுப்பு. இடம் பிடிப்பது, தண்டோரா போடுவது, ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பது உள்ளூர்க்காரர்கள் பொறுப்பு. கேட்க எளிது.

பள்ளிக்கூட வராண்டாவில் ஆங்கில ‘E’ எழுத்தை நாலு திசையிலும் திருப்பித் திருப்பிப் போட்ட அட்டை தொங்குகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கை விரலைத் திருப்பிக் காட்டினால் போதும். ஒரு பாட்டி எந்தப் பக்கமும் விரலைத் திருப்பவில்லை. இடது கண்ணில் முற்றிய புரை, வலது கண்ணிலும் தொடங்கிவிட்டது. ஆபரேஷனுக்குச் சீட்டு எழுதி, சேலையில் ஊக்கால் குத்திவிட்டார்கள். பஸ் கிளம்பும் நேரத்தில் பாட்டி படியில் உட்கார்ந்துவிட்டாள். “ரெண்டு வெள்ளாடு நிக்கி. ஒண்ணு செனை. யாரு பாப்பா?” டாக்டர் சொல்லிப் பார்த்தார். நர்ஸ் சொல்லிப் பார்த்தார். இலவசம் என்றார்கள். பாட்டிக்கு அது தெரியாதா?

சங்கத்து உறுப்பினர் ஒருவர், ஹார்டுவேர் கடைக்காரர், வேட்டியை மடித்துக்கொண்டு பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தார். எந்தத் தெரு, பக்கத்து வீடு யாருது, மேய்ச்சல் எங்கே என்று கேட்டார். எழுந்து போய் தீவனக் கடைக்காரருக்குப் போன் போட்டார். அவரும் அதே சங்கம். தீவனக் கடைக்காரருக்கு அந்த ஊரில் தவிடும் பிண்ணாக்கும் வாங்குகிறவர்கள் அத்தனை பேரையும் தெரியும். அரை மணி நேரம். பக்கத்து வீட்டு மருமகள் ஆட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன தகவல் வந்தது. பாட்டி அதை நம்பவில்லை. போனைக் காதில் வைத்து அந்தப் பெண்ணின் குரலைக் கேட்ட பிறகுதான் எழுந்தாள். அத்தனை நேரமும் பஸ் நின்றது.

அன்று சாயங்காலம் ஹார்டுவேர் கடைக்காரரிடம் கேட்டேன். அவருக்கும் தீவனக் கடைக்காரருக்கும் முன்பு பேச்சுவார்த்தையே கிடையாதாம், ஏதோ பழைய வாய்க்கால் தகராறு. வியாழன் வியாழன் பரோட்டாவுக்கு ஒரே வரிசையில் நின்று நின்று பேச்சு வந்துவிட்டது என்றார். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் முறைத்துக்கொண்டு நிற்பது?

நீங்கள் எழுதிய நிகழ்ச்சி நிரலில் கடைசியில் அலட்சியமாக வருகிற பரோட்டாதான் கூட்டம். முன்னால் நடப்பது சடங்கு. அதைக் குறைக்கலாம். வரவேற்புரையில் பாதியையும் சால்வை முழுவதையும் விட்டுவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் மின்வாரியத்து ஆளும், லாரி வைத்திருப்பவரும், தலைமையாசிரியரும், மருந்துக்கடைக்காரரும் வாரம் ஒருமுறை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற இடம் உங்கள் ஊரில் வேறு எங்கே இருக்கிறது? ஒரே சாதிக்காரர்கள் கூடும் மண்டபம் இருக்கும். ஒரே கட்சிக்காரர்கள் கூடும் டீக்கடை இருக்கும்.

உங்கள் சங்கத்தின் நோய் வேறு. அதைத் தலைவரே ஒரு வரியில் சொல்லிவிட்டார்: “நம்ம பீரியட் இல்ல.” ஜூலை முதல் தேதி புதுத் தலைவர். அடுத்த ஜூன் வரை அவர் பீரியட். அதற்குள் தன் பெயர் போட்ட கல்வெட்டு ஒன்றாவது விழ வேண்டும். போன தலைவர் வைத்த மெஷினுக்கு ஃபில்டர் மாற்றினால் கல்வெட்டு கிடையாது, நாடா வெட்ட முடியாது. அதனால்தான் நம் அரசுப் பள்ளிகளில் ஓடாத மெஷின்களும் அழியாத பெயர்களும் நிற்கின்றன.

இதற்கு மாற்றும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கொங்குப் பகுதி ஊர்கள் சிலவற்றில் எரிவாயு தகன மேடையை நடத்துவது இந்த மாதிரிச் சங்கத்தார் அமைத்த அறக்கட்டளைகள்தான். தலைவர் வருடா வருடம் மாறினாலும் அறக்கட்டளை மாறுவதில்லை, அதன் கணக்கும் தனி. உறவினர் ஒருவரின் சாவுக்காக அப்படி ஓரிடத்துக்குப் போனேன். மேசையில் ஒருவர் டாக்டர் சான்றிதழை வாங்கிப் பதிவேட்டில் எழுதினார். ரசீது கொடுத்தார். அழுதுகொண்டிருந்த பையனுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார். அஸ்தி வாங்க வேண்டிய மண் கலயத்தில் சாக்பீஸால் எண் போட்டிருந்தது. சுவரோரம் செடிகள், தரையில் ஈரம் காயாத துடைப்பத் தடம். கொரோனா உச்சத்தில் இருந்த 2021 மே மாதத்தில் இந்த மாதிரி இடங்களில் ராத்திரி பகல் இல்லாமல் வேலை நடந்தது. அங்கே நின்று யாரும் போட்டோ எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தானோ என்னவோ நன்றாக நடக்கிறது.

பெரிய அளவில் பார்த்தால் போலியோ. ரோட்டரியின் உலகத் தலைவருக்கும் பதவி ஒரு வருடம்தான். ஆனால் 1979-ல் பிலிப்பைன்ஸ் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கி, 1985-ல் உலகம் முழுவதற்குமான திட்டமாக எடுத்த அந்த வேலையை, அடுத்து வந்த எந்தத் தலைவரும் என் பீரியட் இல்லை என்று கைவிடவில்லை. 2015-16-ல் அந்தப் பதவியில் இருந்தவர் கொழும்புக்காரரான கே.ஆர். ரவீந்திரன். அதற்கு வெகு காலம் முன்பே, இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்தபோது, சொட்டு மருந்து நாட்களிலாவது வடக்கே துப்பாக்கிகள் ஓயட்டும் என்று யுனிசெஃப்போடு சேர்ந்து பேசிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் அவர். இந்தியாவில் கடைசியாகப் போலியோ கண்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுரா பக்கத்துக் குழந்தை ஒன்றுக்கு. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் வந்தது. அரசு ஊழியர்களும் செவிலியர்களும்தான் அதில் பெரும்பாடு பட்டவர்கள், மறுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் மேசை போட்டு, இறங்குகிற குழந்தையின் சுண்டுவிரலில் மை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றவர்களில் உங்கள் மாதிரிக் கடைக்காரர்களும் இருந்தார்கள்.

தனியாகச் செய்யலாமா என்று கேட்டீர்கள். செய்யலாம். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு அந்த வேலைக்கும் காய்ச்சல், அவ்வளவுதான். நான் ஒருமுறை தனியாகவே ஒரு படிப்பகம் வைத்தேன். ஏழாவது மாதம் என் மகளுக்குப் பரீட்சை வந்தது, படிப்பகம் போயிற்று. சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

வீட்டில் சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. ரோட்டரி தன் விதியை மாற்றி, உலகம் முழுவதும் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க இடம் கொடுத்தது 1989-ல்தான். அதற்குள் அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போனது. நம் ஊர்களில் உறுப்பினரின் மனைவியை இன்றும் ‘ஆன்’ என்று அழைத்து, குடும்ப விழாவில் கோலப் போட்டிக்கு மட்டும் கூப்பிடுகிற சங்கங்கள் உண்டு. உங்கள் சங்கத்தில் பெண்கள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. கடைக் கணக்கைப் பார்ப்பது உங்கள் மனைவிதான் என்றால், சங்கத்துக்கு நீங்கள் கொண்டுவரக்கூடிய நல்ல உறுப்பினர் அவராகவும் இருக்கலாம்.

இனி அந்த மெஷின். நீங்கள் மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவர். அதில் பம்ப் மோட்டார் இருக்கிறது, போர்வெல் தண்ணீரின் உப்பு இருக்கிறது, முதல் ஃபில்டரைக் கழற்றினால் செங்காவி நிறத்தில் வெளியே வரும். கூட்டத்தில் இதைக் குறையாகச் சொன்னால் மூன்று முன்னாள் தலைவர்கள் ஒரே நேரத்தில் எழுந்திருப்பார்கள். ஒரு சனிக்கிழமை நீங்களே போய்த் திறந்து பாருங்கள். மெம்பரேன் போயிருக்கிறதா, மோட்டாரா, இல்லை வெறும் ஃபில்டர்தானா என்று ஒரு தாளில் எழுதி, விலையும் போட்டு வியாழக்கிழமை பரோட்டா வரிசையில் பொருளாளரிடம் கொடுங்கள். மைக்கில் வேண்டாம். ஓட ஆரம்பித்ததும் பக்கத்தில் ஆணியடித்து ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஃபில்டர் மாற்றிய தேதியும் மாற்றியவர் பெயரும் மட்டும் அதில் இருந்தால் போதும். அடுத்த தலைவர் வந்து பார்க்கும்போது நோட்டில் பாதிப் பக்கம் நிரம்பியிருக்கட்டும். போட்டோ எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டால் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும், அதில் என்ன வந்தது.

செயலாளருக்கு: வருகிறேன். சால்வையும் அறிமுக உரையும் வேண்டாம். அன்று மேசையில் பாட்டில் தண்ணீர் வைக்காமல், அந்தப் பள்ளிக்கூடத்து மெஷினில் பிடித்த தண்ணீரை ஒரு சொம்பில் வையுங்கள். தேதியை அதற்குத் தோதாக நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். ஏழு மணி என்றால் நான் ஏழுக்கே வந்துவிடுவேன், கதவைத் திறக்க யாராவது இருந்தால் நல்லது.