உட்கரு உறை ஸ்லைடில் ஏன் இரட்டைக் கோடாகத் தெரிவதில்லை?

கேள்வி: பிளஸ் ஒன் மாணவர்களுக்கு வெங்காயத் தோல் ஸ்லைடு காட்டுகிறேன். பாடப் படத்தில் உட்கருவைச் சுற்றி இரண்டு சவ்வுகள், துளைகள் எல்லாம் இருக்கின்றன. எங்கள் நுண்ணோக்கியில் 400 மடங்கிலும் ஒரே விளிம்புதான். வேர்நுனி ஸ்லைடில் சில செல்களில் அந்த விளிம்பையும் காணவில்லை. சாயத்தில் கோளாறா?

பதில்: வெங்காயத் தோலைப் பொறுத்தவரை கோளாறு எதுவும் இல்லை. ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரண்டு கோடுகளைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியால் பிரித்துக் காட்ட முடியாது. உட்கரு உறையின் இரு சவ்வுகளுக்கு நடுவே இருப்பதோ 20 முதல் 50 நானோமீட்டர். துளை அமைப்பின் முழு அகலமே சுமார் 120 நானோமீட்டர்தான். ஆயில் லென்ஸ் போட்டு 1000 மடங்கு ஆக்கினாலும் படம் பெரிதாகும், கோடு இரண்டாகாது. அந்தத் துளைகள் தெரியவந்ததே 1950இல், நீர்நில வாழ்வனவற்றின் முட்டைச் செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான்.

நீங்கள் பார்க்கும் விளிம்பு, சாயம் ஏறிய குரோமாட்டின் (உட்கருவில் உள்ள டிஎன்ஏ-புரதக் கலவை) முடியும் இடம். உறை அங்கேதான் இருக்கிறது, ஆனால் கண்ணில் படுவது உறை அல்ல. இதை மாணவர்களிடம் இப்படியே சொல்லிவிடுவது நல்லது. பார்க்காததை நோட்டில் வரையும் பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது. விளிம்பு மங்கலாக இருந்தால் கண்டன்சருக்குக் (ஒளியைக் குவிக்கும் லென்ஸ்) கீழே உள்ள ஐரிஸைச் (ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் திறப்பு) சற்று மூடிப் பாருங்கள். பெரும்பாலும் வெளிச்சம் அதிகமாக இருப்பதுதான் காரணம்.

வேர்நுனி விஷயம் வேறு. அங்கே செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன. செல் பிரிதலின் முதல் கட்டமான புரோஃபேஸ் முடியும் தறுவாயில் உறை துண்டு துண்டாகி, செல்லுக்குள் பரவியிருக்கும் சவ்வு வலையான எண்டோபிளாச வலையோடு கலந்துவிடுகிறது. வெளிச்சவ்வு எப்போதுமே அந்த வலையின் தொடர்ச்சிதான். குரோமோசோம்களைப் பற்றி இழுக்கும் கதிர் இழைகள் உள்ளே வர வழி வேண்டுமே! கடைசிக் கட்டமான டீலோஃபேஸில் இரண்டு குரோமோசோம் தொகுதிகளைச் சுற்றியும் உறை மறுபடி உருவாகிறது. (ஈஸ்ட் செல்லில் உறை கலைவதே இல்லை, கதிர் உட்கருவுக்குள்ளேயே அமைகிறது.)

ஆகவே விளிம்பு இல்லாத செல்லில் குரோமோசோம்கள் தனித்தனி இழைகளாகத் தெரிகின்றனவா, உட்கருமணி (உட்கருவுக்குள் இருக்கும் சிறு உருண்டை) மறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் உங்கள் ஸ்லைடு சரி. இழைகளும் இல்லாமல் செல் முழுதும் ஒரே வெளிர் சிவப்பாக இருந்தால் தயாரிப்பில் பிழை. ஒரு பங்கு அசிட்டிக் அமிலம், மூன்று பங்கு ஆல்கஹால் கலவையில் 24 மணி நேரம் ஊறிய வேரை எடுங்கள். நுனியில் 2 முதல் 3 மில்லிமீட்டர் மட்டும் வெட்டி, ஒரு சொட்டு 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் இரண்டு மூன்று சொட்டு அசிட்டோகார்மைன் சாயமும் விட்டு இளஞ்சூடாக்குங்கள். கொதிக்கவிட்டால் செல் கெடும். பிறகு 5 முதல் 10 நிமிடம் வைத்து, அதிகச் சாயத்தை ஒற்றியெடுத்து, கவர் ஸ்லிப்பைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் நேராக அழுத்துங்கள். நகர்ந்தால் உட்கருக்கள் நீண்டு இழுபட்டு, உறை கிழிந்ததுபோலத் தெரியும். மாணவர்கள் அதை மெட்டாஃபேஸ் (குரோமோசோம்கள் செல்லின் நடுவே வரிசையாக நிற்கும் கட்டம்) என்று எழுதிவிடுவார்கள்.