டம்ளரில் வந்த கறை தண்ணீருடையது அல்ல, கம்பியுடையது

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எங்களுக்கு போர்வெல் தண்ணீர்தான். போன வாரம் ஆர்.ஓ. குடிநீர் சுத்திகரிப்பு மெஷின் விற்க ஒருவர் வந்தார். ஒரு டம்ளரில் எங்கள் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த தண்ணீர். கம்பிகள் உள்ள ஒரு கருவியை இரண்டிலும் வைத்து பிளக்கில் சொருகினார். இரண்டே நிமிடத்தில் எங்கள் தண்ணீர் பச்சையாகி, பிறகு துரு நிறத்தில் சேறு மாதிரி ஆகிவிட்டது. அவருடையது அப்படியே இருந்தது. டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) மீட்டரில் 640 காட்டியது. இரும்பு, ஈயம், கன உலோகம் எல்லாம் இருக்கிறது, மாமியாரின் மூட்டுவலிக்கும் இதுதான் காரணம் என்றார். 18,000 ரூபாய் மெஷினுக்கு 2,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். பையன் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். இத்தனை நாள் விஷத்தையா குடித்தோம்?"

அந்த டம்ளரை வைத்து அப்படிச் சொல்ல முடியாது அம்மா. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். நீங்கள் பார்த்த நிறம் உங்கள் போரிலிருந்து வரவில்லை. அவர் பையிலிருந்து எடுத்த கம்பியிலிருந்து வந்தது.

அந்தக் கருவியில் டம்ளருக்கு இரண்டு கம்பிகள், பொதுவாக ஒன்று இரும்பு, ஒன்று அலுமினியம். போர் தண்ணீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அதில் மின்சாரம் ஓடும். ஓடும்போது இரும்புக் கம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பச்சை நிறச் சேறாகிறது. காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டதும் அதுவே துரு நிறத்துக்கு மாறுகிறது. அவர் கொண்டுவந்த தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. அதனால் மின்சாரம் ஓடவில்லை, கம்பியும் கரையவில்லை. நடந்தது இவ்வளவுதான். அந்த ஆள் மறுபடி வந்தால், அவருடைய 'சுத்தமான' தண்ணீரில் உங்கள் சமையலறை உப்பை ஒரு சிட்டிகை போட்டு, அதே கருவியை வைக்கச் சொல்லுங்கள். அதுவும் அதே நிறத்துக்கு வரும். பெரும்பாலும் வைக்க மாட்டார். நீங்களாகக் கம்பியையும் ஒயரையும் வைத்து இதைச் செய்து பார்க்க வேண்டாம், ஷாக் அடிக்கும்.

எந்த நிறத்துக்கு எந்த விஷம் என்று ஒரு அட்டையும் காட்டுவார்கள். அதை நம்பாதீர்கள். ஈயம் இருக்கிறதா என்பதை இப்படி நிறம் பார்த்துச் சொல்லவே முடியாது.

இந்த ஏமாற்று வேலை செல்லுபடியாவதற்குக் காரணம், தனிமங்களின் பெயர்களைக் கேட்டாலே நமக்கு வரும் பயம். பள்ளியில் தனிமம், சேர்மம், கலவை என்று மூன்று வரையறைகளை மனப்பாடம் செய்ய வைத்து மதிப்பெண் போட்டு அனுப்பிவிடுகிறோம். வீட்டுக் குழாயில் வருவது இந்த மூன்றில் எது என்று ஒரு தேர்விலாவது கேட்கிறோமா? எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. தண்ணீர் ஒரு சேர்மம்: ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்ந்தது. உங்கள் போர் தண்ணீர் ஒரு கலவை: அந்தச் சேர்மத்தில் பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் வந்த உப்புகள் கரைந்து நிற்கின்றன. தனிமம் சேர்மமாகும்போது அதன் குணமே மாறிவிடும். சோடியம் தண்ணீரில் பட்டால் தீப்பிடிக்கும் உலோகம். குளோரின் நச்சு வாயு. இரண்டும் சேர்ந்தால் நாம் ரசத்தில் போடும் உப்பு. ஆகவே "உங்கள் தண்ணீரில் சோடியம் இருக்கிறது, கால்சியம் இருக்கிறது" என்று ஒருவர் தனிமங்களின் பெயரை அடுக்கினால் அதில் பயப்பட ஒன்றுமில்லை. எந்த வடிவில், எவ்வளவு என்று கேளுங்கள்.

640 என்றால் ஒரு லிட்டரில் 640 மில்லிகிராம் உப்புகள். பத்து லிட்டருக்குக் கணக்குப் போட்டால் ஒரு டீஸ்பூனைவிடக் கொஞ்சம் கூட. இந்தியத் தரக் கட்டுப்பாட்டின்படி 500 வரை இருப்பது விரும்பத்தக்கது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி. சுவை கொஞ்சம் கரிக்கும், பருப்பு வேக நேரமாகும், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அந்தப் படிவின் மேல் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல் இனம், கால்சியம் கார்பனேட். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு வடிகட்டினாலே அதில் ஒரு பகுதி போய்விடும். குழாயில் காந்தம் மாட்டினால் உப்பு போய்விடும் என்று அடுத்து ஒருவர் வருவார். கரைந்த உப்பைக் காந்தம் பிடித்து வைக்காது, அனுப்பிவிடுங்கள்.

டிடிஎஸ் மீட்டர் பொய் சொல்வதில்லை. ஆனால் அது எல்லாவற்றையும் சொல்வதும் இல்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து ஒரு எண்ணைக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஒரு கரண்டி சர்க்கரையைக் கரைத்துப் பாருங்கள், எண் ஏறாது. ஒரு சிட்டிகை உப்பு போட்டால் எகிறும். என்ன கரைந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இங்கேதான் நான் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: ஃபுளோரைடு, பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் ஓர் உப்பு. நிறம் இல்லை, மணம் இல்லை, சுவையில் தெரியாது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, அதிகபட்சம் 1.5. அதைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் வளரும் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கோடுகள் விழும், இன்னும் அதிகமானால் எலும்பும் மூட்டும் இறுகும். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்தில் இதை நேரில் அனுபவிக்கும் ஊர்கள் இருக்கின்றன. இதைக் கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய ஃபுளோரைடின் அடர்த்தி ஏறும். 640-க்குள் இருப்பது 1 மில்லிகிராமா, 3 மில்லிகிராமா என்று மீட்டர் காட்டாது. டிடிஎஸ் 300 உள்ள தண்ணீரிலும் அது இருக்கலாம். உங்கள் தெருவிலேயே பிறந்து, அதே போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் முன்பற்களைப் பாருங்கள். பழுப்புக் கோடுகள் பல பேருக்கு இருந்தால் மாமியாரின் மூட்டுவலியையும் மருத்துவரிடம் அந்தக் கோணத்தில் சொல்லுங்கள். அப்படி இருந்து, பரிசோதனையிலும் ஃபுளோரைடு அதிகம் என்று வந்தால் ஆர்.ஓ. மெஷினை நானே வாங்கச் சொல்வேன். இல்லாவிட்டால் வயதானவரின் மூட்டுவலியைத் தண்ணீர்மேல் போட வேண்டாம்.

ஆர்.ஓ. என்றால் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுக்க இரண்டு மூன்று குடத்தை வெளியே தள்ளும் மெஷின் அது, தேவை இருந்தால்தான் வைக்க வேண்டும். டிடிஎஸ் 500-க்குக் குறைவான இடங்களில் இதைத் தடை செய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொன்னது. அதன் பிறகும் 200 காட்டும் ஆற்றுத் தண்ணீர் வரும் தெருக்களில் இதே கம்பியோடு வீடு வீடாக ஏறுகிறார்கள், கேட்க ஆளில்லை.

செய்ய வேண்டியது இதுதான். மெஷினை நிறுத்தி வைக்கச் சொல்லி, முன்பணத்தை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறம், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் நீர்ப் பரிசோதனைக்கூடம் மாவட்டத்தில் இருக்கும், அங்கே தண்ணீரைக் கொடுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, நிரப்பி, ஊர், தேதி எழுதி ஒட்டுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு மட்டும் அவர்கள் தரும் தனி பாட்டில் வேண்டும். மெஷின் விற்பவரே 'இலவசமாக டெஸ்ட் எடுத்துத் தருகிறேன்' என்றால் தண்ணீரைக் கொடுக்காதீர்கள்.

அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில், இருபது வரி எண்களாக வரும். குடிக்கலாமா கூடாதா என்று ஒரு வரி தமிழில் எழுதினால் என்ன என்று நான் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் முதலில் ஃபுளோரைடு, அடுத்து நைட்ரேட் (உரத்திலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் தண்ணீரில் சேரும் உப்பு, லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், இதுவும் கொதித்தால் போகாது, கைக்குழந்தை உள்ள வீட்டில் மிக முக்கியம்). இந்த இரண்டு எண்களையும் எழுதி அனுப்புங்கள், அதைப் பார்த்து மெஷின் வேண்டுமா என்று சொல்கிறேன்.