பத்தில் ஒரு வினாடி

கேள்வி: இத்தாலியப் படகோட்டி எர்கோலே ஒல்ஜெனி 1920 ஒலிம்பிக் தங்கத்தோடு ஓய்வு பெற்றிருக்கலாமே? நாற்பது வயதில் மீண்டும் போட்டியிட்டு 1924-இல் தோற்றது வீண் பிடிவாதம்தானே?

பதில்: நீங்கள் தோல்வி என்று சொல்வதன் அளவை முதலில் பாருங்கள். பாரிஸ் ஒலிம்பிக்கிற்காக ஆர்ஜான்தேயில், செய்ன் நதியில் நடந்த அந்த இறுதிப் போட்டியில் சுவிட்சர்லாந்துப் படகு 8 நிமிடம் 39.0 வினாடியிலும், ஒல்ஜெனியும் ஜியோவன்னி ஸ்கத்தூரினும் வலித்த படகு 8 நிமிடம் 39.1 வினாடியிலும் எல்லையைக் கடந்தன. 2,000 மீட்டர் துடுப்பு வலித்த பிறகு இரண்டுக்கும் இடையே இருந்தது, கணக்கிட்டால், ஒரு முழம்கூட இல்லை.

அவர் தாமதமாக வந்தார் என்பது உண்மை. ஆனால் அந்தத் தாமதம் அவருடையதன்று. வெனிஸின் குவெரினி படகுக் கழகத்தைச் சேர்ந்த ஒல்ஜெனி 1883 டிசம்பரில் பிறந்தவர். உடல் வலு உச்சத்தில் இருந்திருக்கக்கூடிய 24, 28 வயதுகளில், அதாவது 1908 லண்டனிலும் 1912 ஸ்டாக்ஹோமிலும், இருவர் துடுப்பு வலிக்க மூன்றாமவர் சுக்கான் பிடிக்கும் அவருடைய போட்டி நிகழ்ச்சி நிரலிலேயே இல்லை. 1916 ஒலிம்பிக்கைப் போர் விழுங்கிவிட்டது. 1920-இல் அந்தப் போட்டி திரும்பியபோது அவருக்கு வயது 36. பிரஸ்ஸல்ஸ் அருகே கால்வாயில் 7 நிமிடம் 56 வினாடியில் அவரும் ஸ்கத்தூரினும் வென்றதுதான், இன்று கணக்கில் சேர்க்கப்படாத 1906 ஏதென்ஸ் போட்டிகளை விட்டுப் பார்த்தால், படகோட்டத்தில் இத்தாலியின் முதல் ஒலிம்பிக் தங்கம். சுக்கான் பிடித்த கைதோ தெ ஃபிலிப் பதினாறு வயதுகூட நிரம்பாத சிறுவன்.

இந்தப் படகில் ஒருவர் இடப்புறமும் மற்றவர் வலப்புறமும் ஆளுக்கு ஒரே துடுப்பு வலிக்கிறார்கள். ஒருவருடைய இழுப்பு சற்று ஓங்கினாலும் படகின் முனை திரும்பிவிடும். துடுப்புப் பிடிக்காத மூன்றாமவரின் எடையையும் இருவரே சுமக்க வேண்டும். இளமையின் வேகத்தைவிட, ஒருவர் மூச்சு மற்றவருக்குத் தெரிந்த பழக்கம் இங்கே அதிகம் கைகொடுக்கும். அப்படிப் பழகிய துணையை 1920-லேயே கைவிடும்படி ஒல்ஜெனியிடம் எந்த நியாயத்தில் கேட்பீர்கள்?

இன்னொன்றையும் கவனியுங்கள். 1924-இல் அவர்களை வென்ற கான்டெவோ, ஃபெல்பெர் இருவரும் 1920-இல் அவர்களிடமே தோற்று மூன்றாமிடம் பெற்றவர்கள். உங்கள் அளவுகோலின்படி அன்றே விலகியிருக்க வேண்டியவர்கள் அந்தச் சுவிஸ் வீரர்களும்தான்.