மலைவாழை நார் பழுப்பாவது ஏன்?

கேள்வி: காபிக்கு ஊடே மலைவாழை வைத்திருக்கிறோம். தார் வெட்டிய மரங்களைச் சாய்த்து ஐந்து நாள் குவித்து வைத்து, மிஷினில் நார் எடுத்தோம். பழுப்பேறி, காயும்போது பூசணமும் பிடித்துவிட்டது. முடிக்கொத்து நோய் (இலைகள் உச்சியில் கொத்தாகக் குறுகும் வைரஸ் நோய்) வந்த மரங்களிலும் நார் எடுக்கலாமா?
– பண்ணைக்காடு விவசாயி

பதில்: ஐயா, குவித்து வைத்த ஐந்து நாளில்தான் நார் கெட்டிருக்கிறது. வெட்டுவாயில் கசியும் சாறு காற்றுப் பட்டதும் கறுக்கும். வேட்டியில் பட்ட வாழைக்கறை போகாத மாதிரி நாரில் ஏறிய கறையும் போகாது. மிஷின் ஓடும் நாளில் மரத்தைச் சாய்த்து, மறுநாளைக்குள் முடித்துவிடுங்கள். அதுவரை மரம் நிற்கட்டும். நிற்கிற மரம் கன்றுக்குச் சத்து இறக்கிக்கொண்டிருக்கும்.

தண்டைச் சுற்றியிருக்கும் மட்டைகளில் வெளி மட்டை இரண்டு மூன்றில் வருவது முரட்டு நார், கயிற்றுக்கு ஆகும். நடு மட்டைகளில்தான் நெசவுக்கான நார். குருத்துத் தண்டில் நார் தேறாது, கறிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கூன்வண்டு துளைத்த மரத்தை ஒதுக்குங்கள், இழை துண்டு துண்டாக வரும்.

மட்டையை மூன்று விரல் அகலத்துக்குக் கிழித்து, பாதி வரை மிஷினில் விட்டு இழுத்து, திருப்பி மறுபாதியை விடுங்கள். இழையில் பச்சைச் சோறு (மட்டையின் சதை) ஒட்டி வந்தால் பிளேடு இடைவெளி அதிகம்; சக்கையோடு அறுந்த நார் விழுந்தால் இடைவெளி குறைவு. முதல் நாலைந்து மட்டையிலேயே இதைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

எடுத்த கையோடு தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள். சாறு தங்கினால் அதில்தான் பூசணம் பிடிக்கும். உங்கள் பக்கம் மதியத்துக்கு மேல் மேகம் இறங்கும் நாட்களில் திறந்தவெளிக் கொடி உதவாது. காற்றோடும் கூரைக்கடியில் மெல்லியதாகப் பிரித்துத் தொங்கவிடுங்கள். கையில் இறுக்கினால் சலசலக்க வேண்டும். அதுவரை கட்டுப் போடாதீர்கள்.

பத்துக் கிலோ பச்சை மட்டைக்கு நூறு கிராம் உலர்நார் கிடைத்தால் சரியான கணக்கு. இதற்காகத் தண்டுகளை மலைக்குக் கீழே வத்தலக்குண்டுக்கு லாரி ஏற்றுவது வீண். சாம்பல் சத்து (பொட்டாஷ்) பெரும்பாலும் சாற்றிலும் சக்கையிலும்தான் இருக்கிறது. தோட்டத்திலேயே நார் எடுத்து, சக்கையைச் சாணத்தோடு மக்கவைத்துக் காபிக்கே போடுங்கள்.

முடிக்கொத்து மரத்தில் நார் எடுக்கவே வேண்டாம். மரம் குட்டையாகிவிடுவதால் மட்டையில் நீளம் இருக்காது. அதைவிட, மட்டை இடுக்கில் ஒளிந்திருக்கும் அசுவினிப் பூச்சிதான் வைரஸைப் பரப்புகிறது. மட்டையைச் சுமந்து போனால் நோயும் கூடவே போகும். முதலில் அசுவினிக்கு மருந்தடியுங்கள். அது செத்த பிறகு கிழங்கோடு தோண்டி, நின்ற இடத்திலேயே துண்டாக்கி அழித்துவிடுங்கள். மருந்தடிக்காமல் தோண்டினால் அசுவினி பக்கத்து மரத்துக்கு ஏறிவிடும்.